முதுகு காட்டிய பொம்மை

அத்தியாயம் 7

“அந்தத் தண்ணித் தொட்டி தாண்டினதும் இடது பக்கம் திருப்பு,” என்றார் நெவில்.

ஹேலி பிரேக்கை மிதித்தாள்.

வழி சொல்லும் போன் சிக்னல் கிடைக்காமல் வெகு நேரமாக ஊமையாகக் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் காரைவிட உயரமான வேலிச்செடிகள். பெயர்ப்பலகை கிடையாது, அம்புக்குறி கிடையாது. இடது பக்கம் ஒரு பாதை இருப்பதே திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

“இந்தப் பக்கம் வந்ததே இல்லைன்னு காலையில சொன்னீங்களேப்பா?”

“ஆமா, வந்ததில்லை.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

“இருபது வருஷம் வேன் ஓட்டினவனுக்கு ரோட்டோட வாசனையே போதும். முன்னாடி பாரு, டிராக்டர் வருது.”

வந்தது. ஹேலி காரைப் பின்னாலேயே எடுத்துப்போய், ஒதுங்கும் இடத்தில் செடிக்குள் முக்கால்வாசி நுழைத்து நிறுத்தினாள். டிராக்டர்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து பின் சீட்டில் அம்மா மார்லீனின் பின்னல் ஊசிகள் ஓயாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தன. அப்பா ‘இடது பக்கம்’ என்று சொன்ன நொடியில் அவை நின்றுபோனதை ஹேலி கவனித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவின் கண் பின்னலில் இல்லை. அப்பாவின் பின்னந்தலையில் இருந்தது.

அம்மாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று ஹேலி நினைத்தாள்.

நேற்று வரைக்கும் இது வெறும் கோடை விடுமுறை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய நண்பர்கள் வீடு வீடாகப் போய் வர வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் பல வருட ஆசை. ஓட்டுவதற்கு ஹேலி இருக்கிறாள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. பட்டம் சட்டம் போட்டு வீட்டு நடையில் தொங்குகிறது. பட்டதாரியோ கிடங்கில் ஷிப்ட் போட்டுப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். லீவு கேட்டதும் கிடங்குக்காரர்கள் ஒன்றும் அழுதுவிடவில்லை.

நேற்று மாலை டார்பிஷயரில் ட்ரெவர் வீட்டுத் தோட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. ட்ரெவர் அப்பாவோடு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், எண்பதுகளில் ஒரு வருடம் நடந்த வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்றவர். மூன்றாவது பீருக்குப் பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “ஷ்ராப்ஷயர் பக்கம் மட்டும் போகாதே நெவ். வேண்டாம். போனா உன் வீடு உன் வீடா இருக்காது,” என்றார். பின்னால் தட்டுகளோடு ஹேலி நிற்பதை அப்பா பார்த்துவிட்டார். உடனே கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரு ஆண் போகக்கூடாத ஊர் என்றால் அங்கே யார் இருப்பாள்? இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை.

இரவெல்லாம் புரண்டு ஹேலி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தான் நினைப்பது நிஜமென்றால் அம்மாவை அடுத்த ரயிலில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது. அப்பா எந்த வாசனையைப் பிடித்து வேண்டுமானாலும் நடந்து வரட்டும்.

ஷ்ராப்ஷயரில் ஹாலோவெல் என்ற அந்த ஊர், வறுமை ஒரு நாளும் எட்டிப்பார்க்காத முகத்தோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். வாசலுக்கு வாசல் ரோஜா.

“வா வா மார்லீன்!” அம்மாவின் பழைய தோழி பெரில் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அறுபதைத் தாண்டிய விதவை, ஊர்த் திருவிழாவின் தலைவி, குரலுக்கு மைக்கே வேண்டாம். “ஸ்கெக்னஸ் கடற்கரையில லீவுக்கு வந்தப்போ பார்த்த மாதிரியே இருக்கியே! எத்தனை வருஷமாச்சு!”

சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டி இறக்குவதில் மும்முரமாக இருந்தார். எந்தப் பெட்டியையும் அவ்வளவு அக்கறையாக அவர் இறக்கி ஹேலி பார்த்ததில்லை.

பெரிலும் இதற்கு உடந்தையோ? ஹேலியின் கணக்கில் இன்னொரு புள்ளி விழுந்தது.

அம்மா உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் டீயும் ஸ்கோன் பன்னும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவேயில்லை.

“சோளக்கொல்லை பொம்மைப் போட்டி,” என்றாள் பெரில், ஜாமை அள்ளிப் பூசியபடி. “வீட்டுக்கு ஒரு பொம்மை வாசல்ல வைக்கணும். இந்த வருஷத் தலைப்பு தொழில். துணி கடையில வாங்கக்கூடாது, அந்தந்த வீட்டு அலமாரியிலேர்ந்துதான் எடுக்கணும். நெவில், நீங்கதான் நடுவர்.”

“நானா?”

“வெளியூர்க்காரர்தான் வேணும். முன்னாடி ஒரு தடவை நடுவரா வந்தவர், ஜெயிச்ச வீட்டம்மாவுக்குச் சித்தி பையன்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்த ரெண்டு வீடும் இன்னைக்கு வரைக்கும் சர்ச்சுல ஆளுக்கொரு பக்கம் உட்காருது. அதுக்கப்புறம்தான் இந்த வழக்கம். நடுவர் டிராக்டர் வண்டி மேல ஏறி, எல்லார் முன்னாடியும் சொல்லணும். ‘இந்த ஊர்ல எனக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை’ன்னு.”

அப்பா கப்பைக் கீழே வைத்தார்.

“என்னால முடியாது.”

“ஐயோ, அது சும்மா சிரிப்புக்கு.”

“சிரிப்புக்குன்னாலும் சொல்றது என் வாய்தானே? வேற ஆளைப் பாருங்க.”

இந்த ஊருக்கு வந்ததே இல்லை என்று மகளிடம் கூசாமல் சொல்லத் தெரிகிறது. எனக்கு இங்கே யாரும் இல்லை என்று ஊர் முன்னால் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

“நான் பண்றேன்,” என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“என்ன பார்க்கிறீங்க? பள்ளிக்கூடத்துல இருபது வருஷம் தரை துடைச்சேன். எது சுத்தம், எது பூச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

அரை மணியில் அம்மா திடலில் டிராக்டர் வண்டி மேல் நின்றாள், நீலத் தொப்பியும் கைப்பையுமாக. மைக்கைப் பார்த்துச் சொன்னாள். “இந்த ஊரில் எனக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை.” குரல் பிசிறவில்லை. கூட்டம் சிரித்துக் கை தட்டியது. அப்பா கை தட்டவில்லை. எனக்குக் கண் கூசுது, காருக்குப் போறேன் என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பாவம் அம்மா, என்று நினைத்துக்கொண்டாள் ஹேலி. எதன் மேல் நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்கிறாள்.

பொம்மை பார்க்க அம்மாவோடு அவளும் கிளம்பினாள். பெரில் முன்னால் நடந்தாள்.

முதல் வீட்டில் வைக்கோல் டாக்டர். அடுத்த வீட்டில் வைக்கோல் வக்கீல், பக்கத்தில் வைக்கோல் நாய். அதற்கடுத்த பெரிய வீட்டு வாசலில் ஒரு வைக்கோல் பெண் மண்டியிட்டிருந்தாள். தலையில் துணிக்கட்டு, கையில் தரை துடைக்கும் துணி, பக்கத்தில் வாளி. வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, “எங்க வீட்டு வேலைக்காரம்மா மாதிரியே இருக்குல்ல?” என்று சிரித்தாள்.

“அந்தம்மா வந்து பார்த்தாங்களா?” என்று கேட்டாள் ஹேலி.

“யாரு?”

“வேலைக்காரம்மா. அவங்களும் சிரிச்சாங்களா?”

“ஹேலி,” என்றாள் அம்மா. அதட்டவில்லை. குனிந்து பொம்மையின் ஏப்ரன் ஓரத்தை விரலால் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். “கைத்தையல். நல்லா உழைச்சிருக்கீங்க.” அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அது அம்மாவின் வியாதி. நூல் எங்கே இருந்தாலும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். ட்ரெவர் வீட்டில் டீ கெட்டிலுக்குப் போட்ட கம்பளி உறையைக்கூடக் கழற்றி உள்பக்கம் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தாள்.

ஊர் முடிகிற இடத்தில் கடைசி வீடு. ரோஜா இல்லை. அவரைக் கொடி இருந்தது. ஜன்னலில் வலைத் திரை. வாசலில் ஒரு பழைய நாற்காலியில் பொம்மை உட்கார்ந்திருந்தது.

மற்ற பொம்மைகள் எல்லாம் தெருவைப் பார்த்திருந்தன. இது மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டி, வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. தலையில் சுரங்கத் தொப்பி, அதில் விளக்கு. முழங்காலில் பட்டை. மடியில் நசுங்கிய சாப்பாட்டுத் தகரடப்பா.

டாக்டர்களும் வக்கீல்களும் நிறைந்த தெருவில் ஒரு சுரங்கத் தொழிலாளி. ஹேலிக்கு நெஞ்சு பொங்கியது. சபாஷ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலிக்கு அருகே போனாள்.

பொம்மை போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரை அப்போதுதான் பார்த்தாள்.

முதுகிலும் கையிலும் ஜடை போல முறுக்கி முறுக்கி ஓடும் பின்னல். இடது முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு முறுக்கு மட்டும் எதிர்த்திசையில் திரும்பியிருந்தது.

அந்த முறுக்கை இருட்டில் தடவினாலும் அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று அவள் சமையலறையில் போட்ட கூச்சலில் அம்மாவின் ஊசி தவறியது. பிரித்துப் பின்னச் சொன்னதற்கு அம்மா மாட்டேன் என்றாள். “இது நீ பாஸான இடம். இருக்கட்டும்.” அப்பாவுக்காகப் பின்னியது. அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் பட்டமளிப்புக்கு வந்தார். போன வருடம், “வேன்லயே விட்டுட்டேன் போல, காணோம்,” என்று சொல்லிவிட்டார்.

வேனில் விட்டுவிட்டாராம்! அந்தந்த வீட்டு அலமாரியிலிருந்துதான் துணி எடுக்க வேண்டும் என்று சற்று முன்புதான் பெரில் சொன்னாள்.

“இந்த வீட்ல யார் இருக்காங்க?” ஹேலி கேட்டாள்.

“யாரோ ஒருத்தர். தனியா,” என்றாள் பெரில். “அதிகம் பழக மாட்டாங்க. இன்னைக்கு வெளியே போயிருக்காங்க. வாங்க வாங்க, டீ ஆறிடும்.”

கலகலவென்று பேசுகிற பெரில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஹேலி சட்டென்று நகர்ந்து வேலி முன்னால் நின்றாள், அந்த முழங்கையைத் தன் உடம்பால் மறைத்தபடி. அம்மா இதைப் பார்க்கக்கூடாது. இங்கே, இந்தச் சிரிப்புக் கூட்டத்துக்கு நடுவில் பார்க்கக்கூடாது.

மறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அம்மா நிற்கவில்லை. ஓரத்தைத் திருப்பவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டைக் கடந்து போய்விட்டாள்.

ஹேலி அங்கேயே நின்றாள்.

பொம்மையின் ஏப்ரனைத் திருப்பிப் பார்த்தவள், கெட்டில் உறையைக் கழற்றிப் பார்த்தவள், தன் கையால் பின்னிய ஸ்வெட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்காமல் போனது தெரியாததால் இல்லை. தெரிந்ததால்தான்.

பெரில் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. எந்த அலமாரியில் கப், எந்த டிராயரில் கரண்டி என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டீக் கூடாரத்துக்குப் பின்னால், பால் கேன்கள் அடுக்கிய இடத்தில் அம்மாவைப் பிடித்தாள்.

“கடைசி பொம்மைக்கு எத்தனை மார்க் போட்ட?”

“இன்னும் போடல.”

“போடலையா, பார்க்கவே இல்லையா?”

அம்மா தொப்பியைக் கழற்றினாள்.

“உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எத்தனை நாளா வாயை மூடிட்டிருக்க? அந்த வீட்ல இருக்கிறவ யாரும்மா?”

“எவ?”

“அப்பாவோட ஸ்வெட்டரை வாங்கி வச்சிருக்கிறவ!”

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“அடிப்பாவி, நீ உங்கப்பாவையா சந்தேகப்பட்ட? அந்த மனுஷனுக்குச் சாக்ஸே ஜோடியாப் போடத் தெரியாது. இதுல இன்னொரு குடும்பம் வேற நடத்துவாராக்கும்!”

“அப்ப அந்த ஸ்வெட்டர்?”

“நான்தான் குடுத்தேன்.” சிரிப்பு போய்விட்டது. “அங்க இருக்கிறது கோர்டன். என் தம்பி.”

“உன் தம்பி ஆஸ்திரேலியாவுல செத்துட்டார்னு சொன்னியே.”

“நம்ம தெருவுக்கு அவன் செத்தவன்தான். வேலைநிறுத்தம் முடியறதுக்கு நாலு மாசம் இருக்கிறப்போ பஸ் ஏறிட்டான்.”

எந்த பஸ் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்து, இரண்டு பக்கமும் போலீஸ் வர, வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குத் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சுரங்கத்துக்குள் நுழைந்த பஸ். ஏறியவன் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் நிற்பவர்கள் மொத்தமாகத் திரும்பி முதுகைக் காட்டுவார்கள். அந்த பஸ்ஸைப் பற்றி ஹேலி பட்டப்படிப்பு ஆய்வில் ஒரு பகுதியே எழுதியிருந்தாள். கருங்காலி என்ற வார்த்தையைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாள். கை கூசவில்லை.

“அன்னைக்கு உங்கப்பாவும் முதுகு காட்டினார்,” என்றாள் அம்மா. “மச்சான்னு பார்க்கல. அப்புறம் அவன் பேரை வீட்ல எடுக்கக்கூடாதுன்னுட்டார். நானும் எடுக்கல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவனே என்னைத் தேடிப் பிடிச்சான். பல் டாக்டர், கண்ணாடிக் கடை, சீட்டாட்டம்னு ஏதாவது சொல்லிட்டு வந்து பார்த்துட்டுப் போவேன். பெரிலுக்கு மட்டும் தெரியும்.”

ஹேலிக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

“மூணு வருஷம் படிச்சேன்மா. அப்பாவை உட்கார வச்சு மணிக்கணக்கா இதைப் பத்திப் பேச வச்சேன். நீ பக்கத்துல டீ போட்டுக் குடுத்துக்கிட்டிருந்த. என் வீட்ல நடந்ததை விட்டுட்டு ஊர்க்கதையெல்லாம் எழுதியிருக்கேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னியா?”

“நீ என்னைக் கேட்கவே இல்லையே, கண்ணு.”

பால் கேன் மேல் ஒரு குளவி உட்கார்ந்து எழுந்தது.

“எல்லாம் அவரைத்தான் கேட்ட,” என்றாள் அம்மா. “சரி, உன்னைச் சொல்லி என்ன? கோர்டன் ஏன் ஏறினான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கேட்கல. உங்கப்பாவும் கேட்கல. கேட்டா அவராலதான் தாங்க முடியாது.”

“ஏன் ஏறினார்?”

“அதை நான் சொல்லக்கூடாது. அவன்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு அப்பாவை இங்க கூட்டிட்டு வந்த?”

அம்மா தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவினாள். “இன்னைக்கு அவனை வெளியே போயிடச் சொல்லி பெரில் ஏற்பாடு பண்ணியாச்சு. பார்க்க வைக்கணும்னு வரல. ரெண்டு பேரும் ஒரு நாள், ஒரே ஊர்க் காத்தை மூச்சு விட்டா போதும்னு தோணுச்சு. பைத்தியக்காரத்தனம்தான். அந்தக் கிறுக்கன் பொம்மையை அப்படி உட்கார வைப்பான்னு நான் நினைக்கல.”

திடலிலிருந்து பெரிலின் குரல் நடுவரைக் கூப்பிட்டது.

“அப்பாகிட்ட சொல்லிடாதே,” என்றாள் அம்மா, தொப்பியை மாட்டிக்கொண்டு. ஹேலி காரை நோக்கி நடந்தாள்.

அப்பா காரின் கதவைத் திறந்துபோட்டு, கால் இரண்டையும் புல்லில் வைத்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

“கடைசி வீடு வரைக்கும் போனியா?” என்றார்.

“போனேன்.”

“அந்த ஸ்வெட்டர் அவனுக்குப் பொருந்துதா?”

ஹேலி காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொம்மை மேலதான் போட்டிருக்கு,” என்றாள் மெதுவாக. “எப்போதிலேர்ந்து தெரியும்ப்பா?”

“உங்கம்மா அதைக் குடுத்து நான் முதல் தடவை போட்டப்பவே. கை நாலு விரல் நீளமா இருந்துச்சு. என்னை அளந்து பின்னினது இல்லை அது. எங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கை நீளம்னு எனக்குத் தெரியாதா?” புல்லை ஷூ நுனியால் கிளறினார். “இருந்தாலும் போட்டுக்கிட்டுச் சுத்தினேன். ஒரு நாள் இந்த ஊர்ல மாட்டுத் தீவன மூட்டை இறக்க வந்தேன். உங்கம்மா பல் டாக்டர்கிட்ட போயிருந்த நாள். அந்த வீட்டு வாசல்ல நம்ம கார் நின்னுச்சு, பக்கத்துல அவன். அடுத்த வாரம் ஸ்வெட்டரைத் துவைச்சு, மடிச்சு, அவ கண்ணுல படுற மாதிரி வச்சேன். எடுத்துட்டா. வேன்ல விட்டுட்டேன்னு நானே சொல்லிக்கிட்டேன்.”

“ட்ரெவருக்குத் தெரியுமா?”

“யார்கிட்டயாவது சொல்லணுமே.” எழுந்தார். “எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு, அந்தப் பொம்மை? திடல்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க.”

“சுவரைப் பார்த்து.”

அப்பா கார் கதவைச் சாத்தினார். நடக்க ஆரம்பித்தார். திடலை நோக்கி இல்லை, ஊர்க் கடைசியை நோக்கி. ஹேலி பின்னாலேயே ஓடினாள். அடிக்கப் போகிறாரா, உடைக்கப் போகிறாரா? அவர் முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முதுகு எதையும் காட்டாமல் பழகிய முதுகு.

கடைசி வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனார். நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இடது முழங்கையில் அந்தத் தப்பான முறுக்கை ஒரு விரலால் தொட்டார்.

“நீ பாஸான இடம்,” என்றார்.

வீட்டுக் கதவு திறந்தது.

பெரில் வெளியே அனுப்பிவிட்டதாகச் சொன்ன மனிதர் எங்கும் போயிருக்கவில்லை. கையில் டீக் கப்போடு நின்றார். நரைத்த தலை, அம்மாவின் முகவாய். சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டாமல் பாதியில் நின்றிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கப் சாய்ந்து டீ வாசற்படியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அப்பா நிமிரவில்லை. நாற்காலியின் முதுகில் இரண்டு கையையும் வைத்தார்.

அப்போது திடலிலிருந்து மைக் கரகரத்தது. அம்மாவின் குரல் தெருமுனை வரை வந்தது.

“முதல் பரிசு, கடைசி வீட்டு சுரங்கத் தொழிலாளிக்கு. செஞ்சவர் கோர்டன் ஹெப்வொர்த்.” கை தட்டல். “இருங்க, இன்னும் முடிக்கல. முன்னாடி இந்த வண்டி மேல நின்னு ஒரு பொய் சொன்னேன். இந்த ஊர்ல எனக்குச் சொந்தம் இல்லைன்னு. கோர்டன் என் கூடப் பிறந்த தம்பி. என் தீர்ப்பு செல்லாதுன்னா செல்லாமப் போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்.”

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

ஹேலி அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நாற்காலியைத் தூக்கின. ஜல்லிக்கல் கரகரக்க அரை வட்டம் சுற்றி இறக்கின. பொம்மை இப்போது தெருவைப் பார்த்தது. தொப்பி ஒரு பக்கம் சரிந்தது. அப்பா அதை நிமிர்த்தி, விளக்கு நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார், சுரங்கத்துக்குள் இறங்கும் முன் ஒருவர் மற்றவருக்குப் பார்ப்பது போல.

“ஹேலி,” என்றார், பொம்மையைப் பார்த்தபடியே. “அவனைக் கூப்பிடுறாங்கன்னு சொல்லு.”

கை நீட்டினால் தொடும் தூரம். சொல்லியனுப்பத்தான் முடிந்தது அவரால்.

ஹேலி வாயைத் திறந்தாள். இந்த மனிதருக்கு அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அதைப் பக்கம் பக்கமாக எழுதியும் இருந்தாள். அது நாக்கில் வரவில்லை.

“மாமா,” என்றாள். “உங்களைக் கூப்பிடுறாங்க.”

கோர்டன் காலிக் கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“வர்றேன் கண்ணு. அதுக்கு முன்னாடி நீ உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லு. நான் அந்த பஸ்ல ஏன் ஏறினேன்னு ஒரு தடவை, ஒரே தடவை என்னைக் கேட்கச் சொல்லு. அதுக்கப்புறம் அவர் முதுகைத் திருப்பிக்கிட்டாலும் சரி.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அறுவை சிகிச்சை செய்த கண் வெயிலில் சிவந்து நீர் கோர்த்தது. நாற்காலியை விடவில்லை.

“என்னால முடியாது,” என்றார் ஹேலியிடம். “நீ கேளு. நீதானே படிச்சவ.”